அனந்தனின் ஐந்நூறாம் நாள்

திரு. நீலகண்டன் அவர்களைப் பற்றிக் குறை எதுவும் சொல்வது என் நோக்கமன்று. நடந்ததை நடந்தபடியே வரிசையாகச் சொல்லிவிட்டால் போதும். மற்றதை அவரே தம் வாயால் சொல்லிவிடுவார்.

மலையாள நாட்டுத் தலைநகரின் கிழக்கேகோட்டையில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் நிறுவனம் இருந்தது. நூலகங்களுக்கான பட்டியல் மென்பொருள் எழுதுவது தொழில். ஊழியர் எட்டுப் பேர், கணினிகள் எட்டு. எட்டிலும் லினக்ஸ் மட்டுமே ஓட வேண்டும் என்பது எங்கள் தொழில்நுட்பத் தலைவரான நீலகண்டன் சாரின் ஆணை. கோட்டைக்குள் அக்கிரகாரத் தெருவில் பிறந்து வளர்ந்தவர் அவர். நான் பாறசாலையிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்துபோகும் புரோகிராமர். பெயர் ஷிஜா. வேலையில் சேர்ந்து ஓராண்டு நெருங்கியும் தகுதிகாண் பருவம் முடியாதிருந்தவள்.

புரோகிராமர் என்றுதான் என் நியமனக் கடிதத்தில் எழுதியிருந்தது. ஆனால் பகல் பொழுதின் பெரும்பகுதியில் நான் புரோகிராம் எழுதியதாக மனசாட்சியுடன் சொல்ல முடியாது. காலையில் வந்ததும் சுஜினுடைய கணினியில் ஒலி வராது. நேற்று வந்த ஒலி இன்று ஏன் வரவில்லை என்பதைக் கண்டறியப் பதினொரு மணி ஆகும். ஸ்ரீஜித் ஃப்ளாப்பியை முறைப்படி விடுவிக்காமல் உருவியெடுத்துவிட்டு, அதில் எழுதிய கோப்பைக் காணவில்லை என்று என்னைக் கூப்பிடுவான். புதிய மானிட்டர் ஒன்று வந்தால், அதன் அலைவெண்களைத் தேடி எடுத்துக் கையால் எழுதிக் கொடுக்கும்வரை திரை ஒரு அஞ்சலட்டை அளவுக்குச் சுருங்கி நடுவில் நடுங்கும். நூலகங்களிலிருந்து வரும் தமிழ், மலையாள நூல் தலைப்புகள் அனைத்தும் சின்னச் சின்னச் சதுரங்களாகத் தெரியும்.

அச்சுப்பொறியைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்ல அனுமதி வேண்டும். அது ஒரு வரியை அச்சிட்டு, அந்த வரி முடிந்த இடத்துக்கு நேர் கீழேயே அடுத்த வரியைத் தொடங்கும். ஆகவே ஒரு சாதாரணக் கடிதம்கூட மாடிப்படிபோலச் சரிந்து, மூன்றாம் வரியிலேயே தாளைவிட்டு வெளியேறிவிடும். அதை எடுத்துக்கொண்டு நான் நீலகண்டன் சாரின் முன் நின்றேன்.

"இது பிரிண்டரோட தப்பாக்கும்," என்றார் அவர், தாளைப் பார்க்காமலே. "லினக்ஸ் கரெக்டாத்தான் அனுப்பறது. வாங்கிக்கறவாளுக்குத் தெரியலைன்னா அனுப்பறவா என்ன பண்ண முடியும்?"

"கஸ்டமருக்கு இன்னிக்கு லெட்டர் போகணும் சார்."

"அப்போ கையால எழுதி அனுப்பு. உன் கையெழுத்து நன்னாத்தானே இருக்கு."

அந்த மாதம் நான் பதினான்கு கடிதங்களைக் கையால் எழுதினேன். கணினி நிறுவனத்தின் முத்திரையுடன் கையெழுத்துக் கடிதம் பெற்ற நூலகர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று தெரியவில்லை. ஒருவர் மட்டும் பதில் எழுதியிருந்தார். அதுவும் கையெழுத்தில்தான். பிறகு வடிகட்டி என்றொரு சிறு நிரல் எழுதி, அந்தப் படிக்கட்டு வரிகளை நான் நேராக்கினேன். "பாத்தியோ, லினக்ஸ்ல முடியாதது ஒண்ணுமில்லை," என்றார் அவர்.

எங்களுக்கு அவர் விதித்த விதி ஒன்றே ஒன்றுதான்: எந்தக் கணினி எப்படி நின்றுபோனாலும் அதை அணைத்து மீண்டும் எழுப்பக் கூடாது. "ரீபூட் பண்றது விண்டோஸ்காரா புத்தி. நீ காரணத்தைக் கண்டுபிடி," என்பார். காரணத்தைக் கண்டுபிடிக்க அவர் ஒருமுறையேனும் நாற்காலியைவிட்டு எழுந்து வந்ததாக எனக்கு நினைவில்லை.

அவருடைய கணினியின் பெயர் அனந்தன். நாங்கள் எழுதும் நிரல்கள் அனைத்தும் அதிலேயே சேமிக்கப்பட்டன. சன்னலோரத்தில், துணி விரித்த மேசையில் அது இருந்தது. ஒரு கணினி நிறுத்தப்படாமல் எத்தனை நாள் ஓடுகிறது என்பதைக் காட்ட அப்டைம் என்றொரு கட்டளை உண்டு. யார் வந்தாலும், கூரியர்காரர் வந்தாலும்கூட, நீலகண்டன் சார் அதைத் தட்டி எண்ணைக் காட்டுவார். தினமும் காலையில் அந்த எண்ணை வாசலோரத்து வெள்ளைப் பலகையில் எழுதுவதும் அவரே. எழுதிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று பார்ப்பார்.

எனக்கு முன் என் நாற்காலியில் இருந்தவள் ரெஷ்மா. அனந்தன் அறுபத்தோராம் நாளில் இருந்தபோது அவள் தேநீர்க் கெட்டிலை அதன் ப்ளக் பாயிண்டிலேயே சொருகப் போக, அனந்தன் அணைந்துவிட்டது. அந்த வாரமே அவள் அனுப்பப்பட்டாள். கெட்டில் மட்டும் அனுப்பப்படவில்லை. அலமாரியில் அனைவரும் காணும்படி வைக்கப்பட்டிருந்தது. நான் சேர்ந்த அன்று அலுவலகத்தைச் சுத்தம் செய்யும் ஓமனா சேச்சி எனக்கு முதலில் காட்டியது கழிப்பறையையும், இரண்டாவதாகக் காட்டியது அந்தக் கெட்டிலையும்தான்.

"இது தொடருது மோளே," என்றார் சேச்சி, தொடக் கூடாது என்று மலையாளத்தில். "அனந்தனையும் தொடருது."

ரெஷ்மா போனபின் மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கி, இருநூற்றுத் தொண்ணூறாம் நாள் வந்தபோது ஐப்பசித் திருவிழாவின் ஆறாட்டு, சுவாமி கடலில் நீராடப் போகும் நாள். அன்று மதியத்துக்குமேல் நகரமே ஊர்வலத்துக்கு வழிவிட்டு ஒதுங்கும். ஊர்வலம் ஓடுபாதையைக் கடக்கும்வரை விமானங்கள்கூட இறங்காமல் காத்திருக்கும். எல்லோரும் பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். சாலைகளை அடைத்திருந்ததால் தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் போக வழியின்றி நான் மட்டும் தங்கியிருந்தேன். எழுதிய நிரலை அனந்தனில் சேர்த்துவிட்டுப் போகலாம் என்று முயன்றபோது அது பதில் சொல்லவில்லை.

எழுந்து போய்ப் பார்த்தேன். நீலகண்டன் சார் தாமே கட்டமைத்த ஒரு வரைகலை இயக்கியின் புண்ணியத்தால், திரையில் ஸ்கிரீன்சேவராகச் சுழன்றுகொண்டிருந்த வண்ணக் குழாய்கள் சுழற்சியின் நடுவே உறைந்து நின்றன. விசைப்பலகையில் விளக்கு எரியவில்லை. எனக்குத் தெரிந்த விசைச் சேர்க்கைகள் அனைத்தையும் அழுத்தினேன். என் கணினியிலிருந்து வலையமைப்பு வழியாக நுழையப் பார்த்தேன். ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்தேன். அது செத்திருந்தது, விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய கணக்கில் அதுவும் ஓட்டமே.

ரீசெட் பொத்தானை அழுத்தினேன்.

வட்டைச் சோதித்துக்கொண்டு அது எழுந்து வரப் பதினொரு நிமிடம் ஆயிற்று. கோப்பு ஒன்றும் கெடவில்லை. வந்ததும் அப்டைம் தட்டினேன். பதினொரு நிமிடம் என்று காட்டியது. தலையைத் திருப்பியபோது எதிரே அலமாரியில் கெட்டில் இருந்தது.

அடுத்து நான் செய்தது குற்றம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அனந்தனின் முழு அதிகாரக் கடவுச்சொல், அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற எச்சரிக்கையுடன், விசைப்பலகையின் அடியில் ஒரு சீட்டில் ஒட்டப்பட்டிருந்தது. அதைக் கொண்டு நுழைந்து, உண்மையான கணக்குடன் 290 நாளைக் கூட்டிக் காட்டும் ஆறு வரி நிரல் ஒன்றை எழுதி, அதற்கும் அப்டைம் என்றே பெயரிட்டு வைத்தேன். உண்மை எண் வேறொரு கோப்பிலும் இருக்கிறது. ஒரே ஒரு வரி தட்டினால் வெளிப்பட்டுவிடும். எதையும் நம்பாதே, மூலத்தைத் திறந்து பார் என்று எங்களுக்குத் தினமும் உபதேசித்த நீலகண்டன் சார் அதைத் திறந்து பார்க்கவில்லை. மறுநாள் காலை பலகையில் 291 என்று எழுதினார்; இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்.

தை மாதத்தில் என் தகுதிகாண் பருவம் ஒருமுறை நீட்டிக்கப்பட்டது, சித்திரையில் மறுமுறை. எங்கள் ஊர்ச் சபையில் என் தந்தையார் மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அவசரப்பட்டு அறிவித்து, நன்றி ஸ்தோத்திரமும் ஏறெடுக்கச் செய்துவிட்டார். ஆகவே ஞாயிறுதோறும் நான் பொய்யான நிரந்தர ஊழியராகவும், மற்ற நாட்களில் பொய்யான எண்ணின் காவல்காரியாகவும் இருந்துவந்தேன். மே மாதத்தில் ஒருநாள் நீலகண்டன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஐந்நூறாம் நாள் ஒரு ஃபங்ஷன் வெக்கலாம்னு இருக்கேன். லினக்ஸ் யூசர்ஸ் குரூப் செக்ரட்டரி ரத்னாபாய் டீச்சர் வரா. உன்னோட கன்ஃபர்மேஷன் ஆர்டரையும் அன்னிக்கே அவா கையால குடுத்துடலாம், கேட்டியோ. அனந்தனைப் பாத்துண்டதுக்கு உனக்கும் ஒரு மரியாதை."

நான் நன்றி சொன்னேன்.

இதற்கிடையில் அலுவலகம் ஸ்ரீகாரியத்துக்கு இடம் மாற வேண்டியிருந்தது. நானூற்றுத் தொண்ணூற்றோராம் நாள், சனிக்கிழமை. ஏழு கணினிகளை அணைத்து, அட்டைப் பெட்டியில் கட்டி, டெம்போவில் ஏற்றத் தயாராக வைத்தோம். எட்டாவதை அணைக்காமல் கொண்டுபோக வேண்டும் என்றார் நீலகண்டன் சார். யுபிஎஸ் பேட்டரி நாற்பது நிமிடம் தாங்கும். ஸ்ரீகாரியம் முப்பது நிமிடம்தான். கணக்கு சரியாக இருக்கிறது என்று விளக்கினார்.

சுஜின் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினான். மார்த்தாண்டத்துக்காரன், குரலைத் தாழ்த்துவது அவனுக்குக் கடினம். "ஷிஜா, ஹார்ட் டிஸ்க் சுத்திட்டு இருக்கும்போ வண்டி ஒரு குழியில விழுந்தா தீந்துச்சு கேட்டியா. ரெண்டு வருச கோடு அதுக்குள்ள கெடக்கு. நீ போய் சொல்லு."

"நான் எதுக்கு?"

"ஒனக்குத்தான் மரியாதையா பேச தெரியும். நான் சொன்னா சண்டையில முடியும்."

ஸ்ரீஜித்தும் சேர்ந்துகொண்டான். "அதே. நீ பறஞ்சா சார் கேக்கும்."

எனக்கு மட்டுமே தெரிந்த ஒரு வாக்கியம் என்னிடம் இருந்தது. அனந்தன் ஏற்கெனவே ஒருமுறை நின்றுவிட்டது, ஆகையால் தயவுசெய்து அணையுங்கள் என்பது அந்த வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் பேட்டரியும் வேண்டாம், ஊர்வலமும் வேண்டாம். நான் மாடியேறிப் போய், "சார், ஒரு காப்பி எடுத்து வச்சுக்கட்டா?" என்று மட்டும் கேட்டேன்.

"எதுக்கு? அனந்தன் மேல நம்பிக்கை இல்லையோ?"

அவர் கீழே போனதும் நான் என் கணினியை மீண்டும் பிரித்து எழுப்பி, நிரல்கள் அனைத்தையும் அதில் நகலெடுத்து, முறைப்படி அணைத்து, திரும்பக் கட்டினேன். என் வாழ்வில் நான் செய்த மிகத் துணிச்சலான காரியம் அதுவென்று அப்போது நினைத்தேன்.

டெம்போ ஓட்டுநர் இசக்கிப்பாண்டி திருநெல்வேலிப் பக்கத்தவர். விசிறி ஓடும் ஒரு பெட்டியை இரண்டு மெத்தைத் தலையணைகளின்மேல் வைத்து, அருகே யுபிஎஸ்ஸை நான் மடியில் ஏந்தி உட்கார்ந்ததை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கம்ப்யூட்டர் ஏத்தணும்னுதான சொன்னிய. இது என்ன, ஆஸ்பத்திரியில இருந்து சொகமில்லாத ஆள கொண்டு போற மாரில்லா இருக்கு."

"ஓடிண்டிருக்கு. அதனால மெதுவாப் போகணும்," என்றார் முன்னிருக்கையிலிருந்து நீலகண்டன் சார்.

"அணைச்சிட்டுக் கொண்டு போனா என்ன கொறஞ்சிரும்?"

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது."

"எனக்குப் புரியாண்டாம் சார். ஒங்களுக்குப் புரிஞ்சா சரி."

ஓவர்பிரிட்ஜ், பாளையம், பட்டம் வழியாக இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனோம். ஒவ்வொரு குழிக்கும் முன்னால் நீலகண்டன் சார் கையை வெளியே நீட்டிப் பின்னால் வரும் பேருந்துகளை நிறுத்தினார். பேருந்து ஓட்டுநர்கள் மலையாளத்தில் அவருக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுத என் வளர்ப்பு இடம்தரவில்லை. கேசவதாசபுரத்தில் சிக்னலில் நின்றபோது யுபிஎஸ் என் மடியில் கூவத் தொடங்கிற்று. உள்ளூர் என்ற இடத்தில் ஒருமுறை டெம்போ குழியில் இறங்கி ஏறியது. பெட்டிக்குள் ஒரு சிறு கிறீச்சொலி கேட்டது. நீலகண்டன் சார் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்; அனந்தனைப் பார்க்க அவருக்கே துணிவில்லை போலும். சுழற்சி தொடர்ந்தது. ஸ்ரீகாரியத்தில் ப்ளக்கைச் சொருகியபோது பேட்டரியில் இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. அவர் அப்டைம் தட்டினார். என் ஆறு வரி நிரல் 491 என்று அவரிடம் சொன்னது. அவருடைய கண்கள் கலங்கின. ஒரு பெரியவரின் கண்ணீருக்கு நான் காரணமாக இருந்தேன் என்பதில் எனக்குக் கிடைத்த வெட்கம் சிறிதளவு; சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அதைவிட அதிகம்.

அடுத்த வியாழக்கிழமை ஹர்த்தால். பேருந்துகள் இல்லை; ரயிலில் வந்தாலும் தம்பானூரிலிருந்து ஸ்ரீகாரியத்துக்கு நடந்துதான் போக வேண்டும். ஒருவரும் அலுவலகத்துக்கு வரவில்லை. வெள்ளியன்று நாங்கள் நுழைந்தபோது நீலகண்டன் சார் பலகையின்முன் நின்றிருந்தார்.

"நேத்திக்கு விடியறதுக்கு முன்னாடியே ஸ்கூட்டர்ல வந்துட்டேன்," என்றார் எல்லோரையும் பார்த்து. "நான் ஒருத்தன்தான். அனந்தனைத் தனியா விட மனசு வரலை."

பலகையில் 497 என்று இருந்தது. அவர் அன்று இரண்டடி பின்னால் நகர்ந்து பார்க்கவில்லை என்பதைப் பிற்பாடுதான் நான் நினைத்துப் பார்த்தேன்.

திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு விழா. பருவமழையின் தொடக்கமான இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்தது. அனந்தனின் மேசையில் புதிய துணி. மானிட்டருக்கு ஒரு முல்லைச் சரம். அதன் ஒரு பூ காற்றோட்டத் துளைக்குள் விழ, அதை எடுக்க நான் திருகாணிகளைக் கழற்ற வேண்டியிருந்தது. ஓமனா சேச்சி 500 என்று எழுதிய கேக்கை எடுத்து வந்து வைத்தார். விருந்தினரான ரத்னாபாய் டீச்சர் ஒரு பாலிடெக்னிக்கில் கணினி கற்பிப்பவர். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்தார். நீலகண்டன் சார் ஒட்டிய உறை ஒன்றை அவர் கையில் கொடுத்து, "இது நம்ம ஷிஜாவுக்கு. கடைசியில நீங்க குடுக்கணும்," என்றார். உறையின்மேல் என் பெயர் இருந்தது. என் தந்தையாரின் நன்றி ஸ்தோத்திரம் இன்னும் சில நிமிடங்களில் மெய்யாகப் போகிறது என்று நினைத்தேன்.

நீலகண்டன் சார் இருபது நிமிடம் பேசினார். பிறகு எல்லோர் முன்னும் அப்டைம் தட்டினார். ஐந்நூறு நாள் என்று வந்தது. கைதட்டினோம். ரத்னாபாய் டீச்சர் கைதட்டவில்லை. முன்னால் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கொரு சந்தேகம். கேக்கலாமா?" என்றார்.

"தாராளமா கேளுங்கோ."

"இதுல ஓடுத கெர்னல் எங்க காலேஜ்ல உள்ள அதே வெர்ஷன்தான். அது செகண்டுக்கு நூறுன்னு எண்ணிக்கிட்டே போகும். அந்த எண்ணத்தைப் போட்டு வைக்கிய எடம் சின்னது. நானூத்தித் தொண்ணூத்தேழு நாள் ஆனா நெறஞ்சு, திரும்பப் பூஜ்யத்துல இருந்து தொடங்கும். எங்ககிட்ட ரெண்டு மிஷின்ல அப்படி ஆச்சு. அதனால இதுல ஐந்நூறுன்னு வரவே முடியாதே சார்."

கெர்னல் என்பது லினக்ஸின் கருப்பகுதி; அதன் கணக்கை என் ஆறு வரியில் நான் நினைத்தே பார்க்கவில்லை. ஆனால் நீலகண்டன் சார் கலங்கவில்லை.

"வாஸ்தவம். ஆனா அனந்தன்ல அந்த ப்ராப்ளம் கிடையாது. நான் கெர்னலையே திருத்திப் பேட்ச் போட்டிருக்கேன்."

"அப்படியா. எப்போ போட்டீங்க?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

டீச்சர் தலையசைத்தார். பிறகு, மாணவனைத் தோற்கடிக்க விரும்பாத, ஆனால் கணக்கையும் விட்டுவிட முடியாத ஆசிரியருக்குரிய தயக்கத்துடன் கேட்டார்: "கெர்னல்ல பேட்ச் போட்டா, ரீபூட் பண்ணினாத்தானே அது ஏறும்?"

நீலகண்டன் சாரின் பார்வை அறையைச் சுற்றிவந்து என்மேல் நின்றது.

"ஷிஜாவாக்கும் போட்டா," என்றார். "மெயின்டனன்ஸ் எல்லாம் அவளோட பொறுப்பு. அவள்ட்ட கேளுங்கோ."

நான் எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பதுபோல் நின்றேன். டீச்சரின் மடியில் என் பெயர் எழுதிய உறை இருந்தது. "ஆமாம், நான்தான் போட்டேன், ஏதோ ஒரு வழியில் போட்டேன்" என்று உளறியிருந்தால் அவர் மேலே கேட்டிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன், மரியாதை தெரிந்தவர்.

"பேட்ச் ஒண்ணும் இல்ல டீச்சர்," என்றேன். "ஆறாட்டு அன்னிக்கு மிஷின் ஹேங் ஆயிப்போச்சு. நான்தான் ரீசெட் அமுக்கினேன். பெறவு இருநூத்தித் தொண்ணூறு நாளைக் கூட்டிக் காட்டுத மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வச்சேன். மன்னிக்கணும் சார். உள்ளபடிக்கு இது இருநூத்திப் பத்து நாள்தான் ஓடியிருக்கு."

ஓமனா சேச்சி கேக் கத்தியைக் கீழே வைத்தார். நீலகண்டன் சார் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. "சரி, நடந்தது நடந்தாச்சு. இருநூத்திப் பத்தும் பெரிய எண்ணம்தான். கேக்கை வெட்டலாம்," என்றார், நம்ப முடியாத வேகத்தில்.

"உண்மையான எண்ணத்தைப் பாத்துட்டு வெட்டுவோமே," என்றார் டீச்சர். அவர் ஆசிரியர் அல்லவா. எழுந்து போய் ஒரு வரி தட்டினார். விநாடிகளாக வந்த எண்ணை உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வகுத்தார். மீண்டும் ஒருமுறை வகுத்தார்.

"நாலு நாள், ஒம்பது மணிக்கூர்," என்றார்.

"இருநூத்திப் பத்து டீச்சர்," என்றேன் நான்.

"நாலுதான். நீயே பாரு."

நான் என் நிரலைத் திறந்தேன். 290 என்று நான் எழுதியிருந்த இடத்தில் 496 என்று இருந்தது. நான் எழுதாத எண். திருத்திய நாளும் நேரமும் கோப்பின் பக்கத்திலேயே இருந்தன. வியாழக்கிழமை, காலை ஏழரை.

"வியாழாச்ச ஹர்த்தால் ஆயிருந்நல்லோ," என்றான் ஸ்ரீஜித், யோசிக்காமல்.

ஹர்த்தால் நாளில் அலுவலகத்துக்கு வந்தவர் யார் என்பதை எங்களில் யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவரே வெள்ளிக்கிழமை எல்லோரிடமும் சொல்லியிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தோம். பார்ப்பது மரியாதையில்லை என்று தோன்றியதால் பிறகு எல்லோரும் கேக்கைப் பார்த்தோம்.

"அன்னிக்குக் கரண்ட் போயிடுத்து," என்றார் நீலகண்டன் சார். "வண்டியில வந்ததுல பேட்டரி வீக் ஆயிருந்தது. நான் நிறுத்தலை. அதுவா நின்னது. நாம நிறுத்தறதுக்கும் அதுவா நிக்கறதுக்கும் வித்யாசம் உண்டு. அதுவா நின்னா கணக்கு விட்டுப் போகாது."

"மிஷினுக்கு அது தெரியாதே சார்," என்றார் டீச்சர்.

சுஜின் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டான்.

எனக்குப் பிறகுதான் புரிந்தது. மின்சாரம் போய் வந்தபின் அப்டைம் தட்டியவருக்கு 290 என்று காட்டியிருக்கும். நின்றுபோன கணினி இருநூற்றுத் தொண்ணூறு காட்டுவதேன் என்று அன்றுதான் முதன்முறையாக அவர் மூலத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். ஆக, வியாழக்கிழமையிலிருந்தே என் குற்றம் அவருக்குத் தெரியும். தெரிந்து, திருத்தி, தொடர்ந்து, பலகையில் எழுதி, கேக்குக்கும் சொல்லி, சற்றுமுன் பேட்ச் என்று பொய் சொல்லி, அதையும் என் தலையில் வைத்திருக்கிறார். ஏழு மாதமாக நான் அஞ்சியது இவருக்குத்தான்.

டீச்சர் உறையை என்னிடம் நீட்டினார். "இது உனக்குள்ளது. இப்போ குடுக்கலாம்தானே சார்?"

"அது அப்புறம்," என்றார் நீலகண்டன் சார், கையை நீட்டியபடி. ஆனால் உறை அதற்குள் என் கைக்கு வந்துவிட்டது.

பிரித்தேன். நிரந்தரப் பணி ஆணை அன்று. இயந்திரப் பதிவுகளைக் கையாள்வதில் நேர்மைக் குறைவு காணப்படுவதால் என் தகுதிகாண் பருவம் மூன்றாம் முறையாக ஆறு மாதம் நீட்டிக்கப்படுவதாக அதில் இருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. தேதி, அதே வியாழக்கிழமை. எழுத்துகள் நேர் வரிசையில், தெளிவாக அச்சாகியிருந்தன. அந்த அச்சுப்பொறியை நேராக்கியவள் நான்.

எல்லோருடைய கைதட்டலுக்கும் நடுவே, மூடிய உறையில், இதை எனக்குக் கொடுக்க அவர் ஏற்பாடு செய்திருந்தார். கடிதத்தை டீச்சரிடம் தந்தேன். அவர் வாசித்தார், நான்காக மடித்தார், திருப்பித் தந்தார்.

"சார், தப்பா நினைக்கக் கூடாது," என்றேன். "ஒரு நிமிசம்."

அனந்தனின் முன் உட்கார்ந்தேன். கடவுச்சொல்லுக்காக விசைப்பலகையைத் தூக்கிப் பார்க்கத் தேவையில்லை. ஏழு மாதத்துக்கு முன்பே மனப்பாடம். முதலில் என் ஆறு வரி நிரலை அழித்தேன். பிறகு அணைக்கும் கட்டளையைத் தட்டினேன். ஒவ்வொரு சேவையாக நின்றுகொண்டே வந்தது. வட்டு சுற்றுவதை நிறுத்தியது. கடைசியாக விசிறியும் நின்றது. மின்வெட்டிலும் அன்றி, ரீசெட்டிலும் அன்றி, அனந்தன் ஓர் ஒழுங்கான முறையில் அணைக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

"ஏன் நிறுத்தினே?" நீலகண்டன் சாரின் குரல் கீச்சென்று வந்தது.

"இனி சரியா ஒண்ணுல இருந்து எண்ணலாம் இல்லியா சார். கோடெல்லாம் என் மிஷின்ல காப்பி இருக்கு. சுஜினுக்கு எங்கேன்னு தெரியும். நாளைலிருந்து நான் வரமாட்டேன்."

மேசையிலிருந்து என் டிபன் பாத்திரத்தையும் குடையையும் எடுத்துக்கொண்டேன். அலமாரியைக் கடக்கும்போது, இங்கும் கொண்டுவந்து வைக்கப்பட்டிருந்த ரெஷ்மாவின் கெட்டிலையும் எடுத்துக்கொண்டேன், யாரும் தடுக்கவில்லை. வீட்டில் தந்தையாரிடம் என்ன சொல்வது என்ற கவலை அப்போதே தொடங்கிவிட்டது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் அனந்தன் எழும் பீப் ஒலி கேட்டது. திரும்பிப் பார்த்தேன். நீலகண்டன் சார் பொத்தானிலிருந்து விரலை எடுத்து, டஸ்டரால் பலகையில் இருந்த ஐந்நூறைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டேய், மணி எத்தனை? கரெக்டாச் சொல்லு," என்றார்.

ஸ்ரீஜித் சுவரில் இருந்த கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"நாலே அம்பத்திரண்டு சார்," என்றான்.